4கேட்: செய்தியின் எதிர்காலம் பற்றிய பேச்சை ஆராய ஒரு கருவி

செய்தித்துறை இனி எங்கே போகும் என்று சமூக ஊடகங்களில் யார், எப்படிப் பேசுகிறார்கள் என்பதை ஆராய்பவர்களுக்கு அண்மைக் காலம் சோதனைதான். ட்விட்டர் ஆய்வாளர்களுக்குத் தந்த இலவச ஏபிஐ (பதிவுகளை நிரல் வழியாக எடுக்கும் வசதி) 2023-இல் போனது, பொதுப் பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா 2024 ஆகஸ்ட் 14-இல் மூடியது. அப்புறம்தான் நான் 4கேட் (4CAT) பக்கம் வந்தேன்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய திறமூல மென்பொருள் இது, இலவசம். இதோடு ஸீஸ்கைமர் (Zeeschuimer) என்ற ஃபயர்ஃபாக்ஸ் உலாவி நீட்சியையும் போட்டுக்கொண்டால், நாம் டிக்டாக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ உருட்டிப் பார்க்கும் பதிவுகளை அது சேகரித்து வைக்கும், அதை 4கேட்டுக்கு அனுப்பி எந்த ஹேஷ்டேக் எதனுடன் சேர்ந்து வருகிறது, எந்தச் சொல் எந்த மாதம் ஏறியது என்றெல்லாம் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு படியும் பதிவாகி நிற்பதுதான். முடிவு எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் காட்ட முடியும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சேகரமாவது நம் திரைக்கு வந்தது மட்டுமே, அதைத் தேர்ந்தெடுத்தது அல்காரிதம். அதனால் சொந்தக் கணக்கில் செய்யாதீர்கள், புதிய கணக்கு தொடங்குங்கள், அதே தேடலை வேறு நாட்களிலும் செய்து பாருங்கள். இல்லையென்றால் பத்திரிகையாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதையே மக்களின் கருத்து என்று எழுதிவிடுவோம், இந்தத் தலைப்பில் அந்த ஆபத்து நிஜமாகவே பெரியது.

4கேட்டை நிறுவுவதற்கு டாக்கர் (மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக இயக்கும் கருவி) தெரிந்திருந்தால் நல்லது. தெரியாதவர்கள் கொஞ்சம் திணறுவார்கள், ஆனாலும் முயற்சி செய்யுங்கள்.