ஈரோட்டு வெயிலுக்கும் திருப்பூர்ப் பஞ்சுக்கும் கம்ப்யூட்டரில் எந்தக் கூலர்?

புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போனால், "வெயில் ஊருங்க, லிக்விட் கூலரே போட்டுக்குங்க" என்று கடையில் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கூலரும் ஏசி இல்லை. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் கொட்டுவதுதான் அதன் வேலை. தகடு வழியாகப் போனாலும் தண்ணீர் வழியாகப் போனாலும் சூடு கடைசியில் சேருவது அதே காற்றில்தான். கோவையில் ஆடிக் காற்று அடிக்கும்போது 25 டிகிரி அறையில் 70 காட்டும் பிராசசர், மே மாத மதியம் ஈரோட்டில் மொட்டை மாடிக்கு நேர் கீழே 38 டிகிரி அறையில் அதே வேலைக்கு 83 வாக்கில் நிற்கும். யூடியூபில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 20-25 டிகிரி அறையில் எடுத்தவை. அவர்கள் சொல்லும் எண்ணோடு பதினைந்தைக் கூட்டிப் பாருங்கள்.

அதனால் கணக்கைப் பிராசசரிலிருந்து தொடங்க வேண்டும். முதல் கம்ப்யூட்டருக்கு அடிபடும் பெயர்களில் ரைசன் 5 5600, ஐ5 12400எஃப், ரைசன் 5 7600 மூன்றும் உள்ளே ஆறு கோர் (வேலை செய்யும் கூறு) கொண்டவை. மூன்றின் பெட்டியிலும் 65 வாட் என்றுதான் போட்டிருக்கும். முழு வேகத்தில் 5600 சுமார் 76 வாட்டும், 7600 சுமார் 88 வாட்டும் எடுக்கும். 12400எஃப் 117 வரை போகலாம். தாங்கும் எல்லையும் வேறு: 5600-க்கு 90 டிகிரி, 7600-க்கு 95, 12400எஃப்-க்கு 100. அதைத் தாண்ட விடாமல் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாது, காசு கொடுத்த வேகம் மட்டும் கிடைக்காது.

கிராபிக்ஸ் கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கலாம் என்று இருப்பவர்களுக்கு 7600 ஒன்றுதான் வழி. மற்ற இரண்டிலும் உள்ளேயே படம் காட்டும் பகுதி கிடையாது, கார்டு இல்லாமல் திரை கறுப்பாகவே இருக்கும். 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. 5600-இன் ஏஎம்4-உம் 12400எஃப்-இன் சாக்கெட்டும் முடிந்துபோனவை. ஆனால் பழைய தலைமுறை டிடிஆர்4 ரேம் கையில் இருந்தால் 5600 இன்னும் மோசமில்லை.

ஐ5 14600கே பக்கம் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். 125 வாட் அடிப்படை, 181 வரை எடுக்கும், பெட்டியில் கூலர் கிடையாது. அந்தத் தலைமுறையில் வோல்டேஜ் கூடிப்போய்ப் பிராசசர் கெடும் கோளாறு இருந்தது. 2024-இல் அதற்கு வந்த திருத்தம் உள்ள பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) ஏற்றாமல் அதை ஓட்டவே கூடாது. தினமும் மணிக்கணக்கில் வீடியோ எடிட்டிங் செய்தால் சரி. கேமுக்கும் டேலிக்கும் இது மாட்டு வண்டிக்கு லாரி டயர்.

இப்போது கூலர். பெட்டியோடு வரும் கூலர் 5600-க்கும் 7600-க்கும் வேலை செய்யும். ஆனால் கோடை மதியத்தில் முழுச் சுமை போட்டால் எல்லையைத் தொட்டுக்கொண்டே ஓடும், சத்தமும் போடும். வால்பாறைப் பக்கம் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஈரோடு, கரூர், சேலம் என்றால் 120 மி.மீ. ஃபேன் வைத்த ஒற்றை டவர் கூலர் (தகடுகளைக் கோபுரம் மாதிரி அடுக்கியது) போடுங்கள். டீப்கூல் ஏகே400 வகை, உயரம் 155 மி.மீ., விலை மூவாயிரத்துக்குள் முடியும். 240 மி.மீ. லிக்விட் கூலருக்கு அதைப் போல இரண்டு மடங்கு ஆகும். 65 வாட் பிராசசரில் அந்தக் காசு தரும் பலன் நாலைந்து டிகிரிக்கு மேல் இருக்காது.

பணத்தை விடுங்கள், பஞ்சுதான் பெரிய சங்கதி. திருப்பூரில் பனியன் கம்பெனித் தெருவிலோ, சோமனூர், பல்லடம், பள்ளிபாளையத்தில் தறிக்குடோன் பக்கத்திலோ வீடு இருந்தால் மூன்றே மாதத்தில் பார்க்கலாம். ஃபேன் இறக்கை சுத்தமாகத் தெரியும். ஃபேனைக் கழற்றினால் அதற்குப் பின்னால் தகட்டின் முகப்பில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒரு படலம், விரலால் ஒரே துண்டாக உரித்தெடுக்கலாம். காற்று அதைத் தாண்டி உள்ளே போவதே இல்லை. டவர் கூலரில் இரண்டு கம்பிக் கிளிப்பை நெம்பினால் ஃபேன் கையோடு வந்துவிடும், தகடுகளும் நேராக இருப்பதால் பிரஷ்ஷில் ஒரு இழுப்பு போதும். லிக்விட் கூலரின் ரேடியேட்டரில் தகடுகள் நெளிநெளியாக, நெருக்கமாக இருக்கும். எட்டுத் திருகாணி கழற்றி ஃபேனை எடுத்தாலும் உள்ளே சிக்கிய இழை முழுதாக வராது. போதாததற்கு பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஃபேன் நின்றால் டவர் கூலர் தடுமாறியாவது ஓடும்; பம்ப் நின்றால் பிராசசர் சீக்கிரமே எல்லைக்குப் போய்விடும். குழாய் வழியாக ஆண்டுக்கணக்கில் நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும் உண்டு, பெரும்பாலானவற்றில் அதை நிரப்ப வழியில்லை.

14600கே வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கும் இரட்டை டவர் கூலர் முதல் தேர்வு. லிக்விட்தான் என்றால் ரேடியேட்டரை மேல் கூரையில் மாட்டுங்கள். முன்பக்கம் மாட்டினால் ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றுக் குமிழி பம்புக்குள் போய்க் கலகலக்கும்.

சுத்தம் செய்யப் பக்கத்து லேத் பட்டறைக் கம்ப்ரசரைக் கேட்டு வாங்காதீர்கள். அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும். கைப் புளோயர் அடிக்கும்போதும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கேபினட்டில் முன்பக்கம் கண்ணாடியா வலையா என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: வலை. கண்ணாடி முகப்பில் ஓரத்து இடுக்கு வழியாகத்தான் காற்று நுழைய முடியும். ஆனால் கழற்றிக் கழுவும் தூசி வடிகட்டி இல்லாத வலை வேண்டாம். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வரும் காற்று அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசி நுழையாது. கூலர் உயரம் 155 என்றால் கேபினட் 160 இடம் தர வேண்டும், வாங்கும் முன் அளவைப் பாருங்கள்.

மாட்டும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றேதான். கூலரின் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். திருகாணிகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஏஎம்4 போர்டில் முன்பக்கத் திருகாணி நான்கையும் கழற்றினால் பின்தகடு கழன்று விழும், அதனால் போர்டைப் படுக்க வைத்தே செய்யுங்கள். 12400எஃப் கூலரில் இருப்பது அழுத்தும் ஊசிகள். நான்கில் ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் நேராக 100 டிகிரிக்குப் போகும். போர்டைத் திருப்பிப் பார்த்தால் நான்கு கால்களும் துளைக்கு வெளியே விரிந்திருக்க வேண்டும். ஏஎம்4-இல் கூலரைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, லேசாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து கால்கள் வளையும்.

ரேம் இரண்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடம். ஏஎம்5 முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும், பதறிப்போய் நிறுத்தாதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 115 வாட் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) தாராளம். அதைவிட எர்த்தைப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்றால் பாகத்தில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எஸ்எம்பிஎஸ்-இன் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் கசியவிடும் சொற்ப மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டியது, எர்த் இல்லாததால் தகரத்தில் நிற்கிறது. பழைய வீட்டில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் குழி காய்ந்திருந்தால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரியும்.