தெர்மகோல் இன்குபேட்டரில் காடை பொரிக்குமா? வாங்கிப் பயன்படுத்திய பின் எழுதுவது

வீட்டில் காடை வளர்க்க நினைப்பவர்களுக்கு, முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டர் இல்லாமல் வழியில்லை. பண்ணைகளில் இருக்கும் ஜப்பானியக் காடை முட்டை போட்டுவிட்டுத் தன் போக்கில் போய்விடும், அடையில் உட்காராது. பல தலைமுறையாக மெஷினிலேயே பொரித்து வளர்த்ததில் அந்தக் குணம் அதனிடம் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. காட்டுக்காடை வேறு, அதைப் பிடிப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம். சிறுவிடை என்ற நாட்டுக்கோழியை அடை வைத்து அதனடியில் காடை முட்டையை வைப்பவர்களும் உண்டு. ஆனால் காடை முட்டை 10 முதல் 12 கிராம்தான், ஓடும் மெல்லிசு, கோழி ஒருமுறை எழுந்து உட்கார்ந்தாலே சிலதில் விரிசல் விழுந்துவிடும். தப்பிப் பொரிந்த குஞ்சும் 7 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், கோழி மிதித்தாலே போச்சு.

நான் வாங்கியது நம் ஊர்ப்பக்கம் பரவலாக விற்கும் வெள்ளைத் தெர்மகோல் பெட்டி. மூடியில் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே இரண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், வெளியே டிஜிட்டல் டிஸ்பிளே, முட்டையை உருட்ட மோட்டாரில் நகரும் ஒரு கட்டச் சட்டம். விலை மூவாயிரத்துச் சொச்சம். 50 முட்டைப் பெட்டி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பெட்டி மோசமில்லை, காடை பொரிகிறது, இப்போது என்னிடம் முட்டை போட்டுக்கொண்டிருப்பவை எல்லாம் இதில் பொரிந்தவைதான். ஆனால் வந்தபடியே ப்ளக்கை மாட்டி முட்டையை அடுக்கினால் பொரிக்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டிஸ்பிளே. அதில் 37.5 என்று காட்டும்போது முட்டை மட்டத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, மற்றதெல்லாம் அப்புறம்தான். என் பெட்டியில் சென்சார் பல்புக்கு எதிர் மூலையில், முட்டைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முட்டையை ஒட்டி வேறு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது பல்பு பக்கம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடுதல். ஒரு டிகிரிதானே என்று தோன்றும், ஆனால் காடைக்கு மொத்தமே 17, 18 நாள் அடைதான், அத்தனை நாளும் ஒரு டிகிரி கூடுதலாகவே இருந்தால் கரு பாதியில் செத்துப்போகும், இல்லையென்றால் தொப்புள் மூடாத குஞ்சாக வரும். இதற்கு விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் 32 முதல் 42 டிகிரி வரை நன்றாகவே காட்டும், நமக்கு வேண்டியதும் அந்த இடைவெளிதான். முட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்கப் பெட்டியை வெறுமனே ஓடவிட்டு, நான்கு மூலையிலும் நடுவிலும் முட்டை உயரத்தில் வைத்துப் பாருங்கள். சென்சாரை அதன் வயரோடு இறக்கி, முட்டை மட்டத்துக்குக் கொண்டுவந்து கட்டிவிடுங்கள். பல மலிவுப் பெட்டிகளில் சூட்டைக் கட்டுப்படுத்த இருக்கும் டபிள்யூ1209 கண்ட்ரோலரில் பி4 என்ற செட்டிங்கில் வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ளலாம். பி1 என்பது பல்பு அணைந்து மறுபடி எரிவதற்கான இடைவெளி, அது கடையிலிருந்து வரும்போது 2 டிகிரியில் இருக்கும், அதை 0.3 பக்கம் இறக்கிவிட வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, கூட வந்த காகிதத்திலும் இல்லை.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5, அதாவது 99.5 ஃபாரன்ஹீட் சரியாக இருக்கும். ஃபேன் இல்லாத பெட்டியில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 பக்கம் வைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே காற்று அடுக்கடுக்காக நிற்கும், அடியில் குளிர்ந்தே இருக்கும். கொஞ்சம் காசு மிச்சமாகிறதே என்று ஃபேன் இல்லாததை எடுக்காதீர்கள். முட்டையைக் கையாலேயே உருட்டிவிடலாம், காற்றைக் கையால் சுற்றிவிட முடியாது.

இப்போது நம் ஊர் வெயில். கரூர், திருச்சி பக்கம் சித்திரை, வைகாசியில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே 38 டிகிரி சாதாரணமாக வந்துவிடும். பெட்டியின் கண்ட்ரோலருக்கு சூடேற்றத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. அறையே 38-இல் இருந்தால் பல்பு எரியாமலே பெட்டிக்குள் 38-க்கு மேல் போய்விடும், டிஸ்பிளே ஏறிக்கொண்டே இருக்கும், நாம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஏப்ரல், மே மாதத்தில் அடை வைப்பதாக இருந்தால் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையை ஒட்டி, ஜன்னல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். முடியாதென்றால் ஆடி கழியட்டும். முட்டைக்குக் குளிர்ச்சியைவிடச் சூடுதான் ஆபத்து. கரண்ட் போய் ஒன்றிரண்டு மணி நேரம் பெட்டி ஆறினால் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், பொரிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 40 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் போனால் அந்தத் தவணையே போச்சு.

கரண்ட் விஷயத்தில் தெர்மகோல் பெட்டியைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கிறது, மூடியைத் திறக்காமல் மேலே ஒரு கம்பளியைப் போட்டு, காற்றுத் துளையை மட்டும் விட்டுவைத்தால் இறங்குவது மெதுவாகத்தான். ஆனால் மின்வாரியம் பராமரிப்புக்காக காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் வரை விடாத நாள் வரும், அதற்கு இன்வெர்ட்டரோ 12 வோல்ட் பேட்டரியோ இருந்தே ஆக வேண்டும். 12 வோல்ட்டிலும் ஓடும் மாடல் என்றால் சில நூறு ரூபாய் கூட, அது வீண்செலவு இல்லை.

அடுத்தது, பெருமையாகச் சொல்லி விற்கும் ஆட்டோ டர்னிங். எனக்குப் பெரிய ஏமாற்றம் இதில்தான். சட்டத்தில் உள்ள கட்டங்கள் எல்லாம் கோழி முட்டை அளவு. ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று காடை முட்டை வைத்தால் சட்டம் நகரும்போது அவை உருளாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் நிற்கின்றன. ஒரு முட்டையில் பென்சிலால் கோடு போட்டு வைத்துப் பார்த்தால் தெரியும், காலையில் மேலே இருந்த கோடு சாயங்காலமும் மேலேயே இருக்கும். அடியில் கொஞ்சம் சொரசொரப்பான பிளாஸ்டிக் வலையை விரித்த பிறகுதான் உருள ஆரம்பித்தது. காடைக்கென்று குறுகிய பள்ளங்களோடு சாய்ந்து ஆடும் ட்ரே தனியாக விற்கிறார்கள், அது கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒருவர் இருந்தால், காலை, மதியம், இரவு என்று மூன்று முறை கையை நன்றாகக் கழுவிக்கொண்டு உள்ளங்கையால் மெல்லத் தடவி உருட்டிவிடுவதே போதும். 14-ஆம் நாள் முடிந்ததும் உருட்டுவதை நிறுத்திச் சட்டத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும், அது உள்ளேயே இருந்தால் பொரிந்த குஞ்சின் கால் அதில் மாட்டும்.

ஈரப்பதத்துக்கு அடியில் தண்ணீர் வாய்க்கால் கொடுத்திருக்கிறார்கள். அளவு பார்க்கும் மீட்டரும் உண்டு, அதை நம்ப வேண்டாம். உப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, மூடிய டப்பாவில் மீட்டரோடு சில மணி நேரம் வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும், அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு கழித்தோ கூட்டியோ படிக்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது எடை பார்ப்பது. பத்து முட்டையைச் சேர்த்து வைக்கும்போது 110 கிராம் இருந்தால் 14, 15-ஆம் நாளில் 97 கிராம் பக்கம் வந்திருக்க வேண்டும். எடை குறையவில்லை என்றால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறைக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் ஈரம் போதவில்லை. ஐப்பசி மழையில் என் பெட்டிக்கு முதல் இரண்டு வாரம் தண்ணீரே ஊற்றத் தேவைப்படவில்லை, மாசி பங்குனியில் இரண்டு வாய்க்காலையும் நிரப்ப வேண்டியிருக்கிறது. கடைசி மூன்று நாள் மட்டும் எந்தக் காலமானாலும் 65, 70 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, அதன்பின் மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு குஞ்சு வெளியே வந்து கத்தும்போது திறந்து எடுக்கக் கை துடிக்கும். திறந்தால் ஈரம் போய், ஓட்டை விழுந்து நிற்கும் மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே வந்த குஞ்சுக்கு வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கிறது, ஒரு நாள் தீனியில்லாமல் தாங்கும்.

பெட்டியின் உண்மையான குறை ஒன்று தரையில் இருக்கிறது. வாய்க்கால் மேல் போடும் வலையின் துளை கோழிக்குஞ்சுக்கு ஏற்றது, காடைக்குஞ்சின் காலென்ன, குஞ்சே பாதி இறங்கிவிடும். ஃபேனின் மூடி வலையும் அப்படித்தான். இரண்டின் மேலும் கொசுவலையைக் கட்டுவது கட்டாயம். மேலே சொரசொரப்பான துணி ஒன்று விரித்துவிடுங்கள், வழுக்கும் தரையில் நடக்கப் பழகினால் கால் இரண்டு பக்கமும் விரிந்து அப்படியே நின்றுவிடும். எறும்பும் வரும், பொரிப்பு வாசனைக்கு எங்கிருந்தாவது கட்டெறும்பு வரிசை கட்டிவிடும். பெட்டியைத் தாழ்வான மேசையில் வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்திவிட்டால் நிம்மதி.

பொரிக்கவில்லை என்று பெட்டியைத் திட்டுவதற்கு முன்னால் முட்டையைப் பார்க்க வேண்டும். கடையில் சாப்பிட விற்கும் காடை முட்டை பெரும்பாலும் சேவல் சேர்க்காத கூட்டிலிருந்து வருவது, எத்தனை வைத்தாலும் கூமுட்டைதான். அடைக்கென்று, மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் விட்டிருக்கும் வளர்ப்பவரிடம், போட்டு ஒரு வாரத்துக்குள்ளான முட்டையாகக் கேட்டு வாங்குங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வெளியிட்ட நாமக்கல் காடை 1 ரகம் வைத்திருப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது. மெஷினோடு வந்த, முட்டைக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கும் கேண்டிலிங் விளக்கு, புள்ளி அடர்ந்த காடை ஓட்டுக்குப் பத்தாது, நல்ல டார்ச் வேண்டும், ஏழாம் நாளில் பார்த்தால் கரு இருப்பது இருட்டாகத் தெரியும். முட்டை வெளிச்சமாகவே நின்றால் குறை முட்டையில், இருட்டாகி அப்புறம் பொரிக்காமல் நின்றால் குறை பெட்டியில். பொரிக்கும் நாளையும் கவனியுங்கள். எல்லாம் 16-ஆம் நாளே வந்துவிட்டால் சூடு கூடுதல், 19, 20 என்று இழுத்தால் சூடு போதவில்லை. எந்த தெர்மாமீட்டரையும்விட இதை நான் நம்புகிறேன்.

பொரித்த பிறகு இன்குபேட்டருக்கு வேலையில்லை, ஆனால் பொரிந்த குஞ்சைச் சூட்டில் வைக்கும் ப்ரூடர் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. ஒரு அட்டைப் பெட்டி, ஒரு 60 வாட் குண்டு பல்பு, இது போதும். எல்இடி பல்பு போட்டால் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. முதல் வாரம் 35 டிகிரிக்கு மேல், அப்புறம் வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் குளிர், மூலைக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்பியே வையுங்கள், காடைக்குஞ்சு ஒரு அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிச் செத்துவிடும், கோழிக்குஞ்சு வளர்த்துப் பழகியவர்கள் இழப்பது இங்கேதான். தீவனத்தில் முதல் மூன்று வாரம் 24 சதவீதத்துக்குக் குறையாமல் புரதம் வேண்டும், பிராய்லர் குஞ்சுகளுக்கு முதலில் கொடுக்கும் ப்ரீ ஸ்டார்டர் தீவனத்தை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிப் பொடியாக்கிக் கொடுத்தால் நன்றாகத் தின்கின்றன. மூன்றாம் வாரத்தில் மார்பு செம்பழுப்பாக மாறினால் சேவல், புள்ளி புள்ளியாக இருந்தால் பெட்டை. ஆறு, ஏழு வாரத்தில் முட்டை ஆரம்பிக்கும். இவ்வளவு சீக்கிரம் பலன் தரும் வளர்ப்புப் பறவை வேறு எனக்குத் தெரியவில்லை.

சரி, வாங்கலாமா? பத்து இருபது காடை மட்டும் போதும், வருடத்துக்கு ஒருமுறைதான் என்றால் வேண்டாம், குஞ்சாகவே வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டி விலைக்கு நிறையவே குஞ்சு வரும். தொடர்ந்து தன் காடையிலிருந்தே அடுத்த தலைமுறை எடுக்க வேண்டும், வீட்டில் பகலில் யாராவது இருப்பார்கள், கூடவே சிறுவிடை முட்டையும் வைப்பேன் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒரே நேரத்தில் கலந்து வைப்பதானால் 21 நாள் கோழி முட்டையை நான்கு நாள் முன்னால் வைத்துவிட்டு அப்புறம் காடையை வைத்தால் இரண்டும் ஒன்றாகப் பொரிப்புக்கு வரும், கடைசி நாட்களின் ஈரமும் இரண்டுக்கும் ஒத்துப்போகும். கினிக்கோழி முட்டைக்கு இந்தச் சட்டத்தின் கட்டம் அளவாகவே இருக்கிறது, ஆனால் அதற்கு 26 முதல் 28 நாள் ஆகும். மணிலா வாத்துக்கு 35 நாள், அத்தனை நாள் இந்தச் சின்ன மோட்டாரை நம்பி நான் வைக்க மாட்டேன். வாங்கும்போது கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள், ஃபேன் சத்தம் போடுகிறதா, சென்சார் வயர் முட்டை மட்டம் வரை எட்டுகிறதா, மோட்டாரும் அடாப்டரும் கெட்டால் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள், பதிலைப் பில்லின் பின்னாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.