தோட்டத்துக் கல்யாணத்துக்கு நாங்கள் வைத்த சமையல் குழு

கல்லூரி விடுதியில் மூன்று வருடம் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவள்தான் மணப்பெண். அப்பா அம்மா போன பிறகு அவளுடைய ஈரோட்டு வீடும் கைமாறிவிட்டது. கல்யாணம் நிச்சயமாகி மண்டபம் தேடிக்கொண்டிருந்தபோது, "மண்டபம் எதுக்கு? எங்க சாளையில வெச்சுக்கலாம் வா" என்று நான்தான் சொன்னேன். சாளை என்றால் தோட்டத்து வீடு. காங்கேயத்திலிருந்து சென்னிமலை போகும் சாலையில் திரும்பி, மண் தடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே வர வேண்டும். வாசலில் நின்றால் சிவன்மலை தெரியும். ஆவணியில் முகூர்த்தம். ஐந்நூறு பேர் என்று கணக்கு.

வாக்குக் கொடுத்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மண்டபம் என்றால் தண்ணீர், அடுப்பு, விளக்கு எல்லாம் அங்கேயே இருக்கும். தோட்டத்தில் ஒவ்வொன்றையும் யாராவது முன்கூட்டியே நினைத்துப் பார்த்தால்தான் உண்டு. கிணற்று மோட்டாருக்கு வரும் இலவச மின்சாரத்தைக் கல்யாணத்துக்கு எடுக்கக் கூடாது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்தோம், ஜெனரேட்டரும் வைத்தோம். மற்ற எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தவர் சமையல் மாஸ்டர்.

பெருந்துறைப் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும். போனில் மெனு கேட்கவே இல்லை. "இடத்தைப் பாத்துட்டுப் பேசிக்கலாமுங்க" என்று கல்யாணத்துக்கு இருபது நாள் முன்பே டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினார். வந்ததும் காபி வேண்டாம், போர் தண்ணீர் ஒரு சொம்பு கொடுங்கள் என்றார். இரண்டு மொடக்குக் குடித்து, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து துப்பினார். "இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுங்க அம்மிணி. சோடா உப்பப் போட்டா வெந்துரும், ருசி போயிரும். சமையலுக்கு ஆத்துத் தண்ணி ஒரு லாரி சொல்லிருங்க. கழுவறதுக்கு உங்க தண்ணி போதும்." இதே தண்ணீரில் தினமும் குக்கரில் பருப்பு வேக வைக்கிறவள் நான். ஐந்நூறு பேருக்கு அண்டாவில் வேகும் பருப்பு வேறு கணக்கு என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, ஆடியோடு நிற்பதில்லை, ஆவணியிலும் தள்ளும். பந்தல் வாசலில், அடுப்பு வீட்டுக்குக் கிழக்கே களத்து ஓரத்தில் என்று முடிவானது. புகை பந்திக்கும் வராது, மாடு கட்டும் கட்டுத்தரைக்கும் போகாது. வண்டிகளை மாடு மேயும் கொறங்காட்டில் நிறுத்தச் சொன்னதும் அவர்தான். கிளுவை வேலியில் ஒரு கண்டி மட்டும் திறந்து விட்டோம்.

மளிகை நம்முடையது, கூலி அவருக்கு என்று பேச்சு. சமையலுக்கு 14 பேர், பரிமாற 16 பேர், மூன்று வேளைக்கும் சேர்த்து 62,000 ரூபாய். பாத்திர வாடகை தனி. தேங்காய் எங்கள் மரத்தில் இறக்கியது. மொத்தமாக இலைக்கு இவ்வளவு என்று பேசுகிறவர்களும் உண்டு. தோட்டத்தில் வைக்கிறவர்களுக்குக் கூலிக் கணக்குதான் நல்லது. என்ன வாங்கினோம், என்ன போட்டோம் என்று நம் கண்ணுக்கே தெரியும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். முதல் நாள் சாயங்காலம் ஒப்புட்டு (போளி), சந்தகை (இடியாப்பம் மாதிரிப் பிழிவது), சாதம், கொள்ளு ரசம். மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூர்ப் பக்கம், சந்தகையைப் பார்த்ததே இல்லை. மரச் சந்தகைப் படியில் இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிப் பிழிவதை ஒரு பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பாதித் தட்டுக்குத் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும், பாதிக்கு எலுமிச்சை தாளித்தது.

ஒப்புட்டுக்குத் தனியாக ஒரு அடுப்பு, பந்திக்குப் பத்தடி தள்ளி. எண்ணெய் தடவிய வாழை இலைத் துண்டில் ஒரு அம்மா மாவு உருண்டையை வைப்பார், மூன்று விரலால் சுற்றிக்கொண்டே தட்டுவார், இலையோடு கல்லில் கவிழ்ப்பார், சூட்டில் இலை தானாக விட்டுக்கொள்ளும். உள்ளே இருந்த பூரணம் எங்கேயும் பிதுங்கவில்லை. கல்லிலிருந்து நேராக இலைக்கு வந்தது, மேலே நெய். முன்னாடியே சுட்டு அடுக்கி வைத்த ஒப்புட்டுக்கும் இதற்கும் பேரில் மட்டும்தான் ஒற்றுமை. மணப்பெண் எல்லோருக்கும் கடைசியாக, பாதிச் சேலையை மடித்துச் செருகிக்கொண்டு சாப்பிட்டாள். "எங்கம்மா கையி மாதிரியே இருக்குது" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

காலையில் இட்லி, பொங்கல், வடை, கேசரி; மதியம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் அரிசிம்பருப்புச் சாதமும் கத்திரிக்காய்ப் பொரியலும். எல்லாமே நன்றாக இருந்தது. காபி மட்டும் சரியில்லை. விடியற்காலை டிகாஷன் தண்ணீராக இறங்கிவிட்டது. கும்பகோணத்துக் காபி குடித்து வளர்ந்தவர்கள் முன்னால் எனக்கு வருத்தமாகவே இருந்தது. அடுத்து இவர்களை வைக்கிறவர்கள் காபிக்கு மட்டும் தனி ஆள் போட்டுக்கொள்ளுங்கள்.

பந்தல் போட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வேறு ஆட்கள், இனி கூப்பிட மாட்டேன். இடத்தைப் பார்க்கவே வரவில்லை. முதல் நாள் மத்தியானம் வந்து அவசரமாகக் குழி தோண்டியதில் தென்னைக்குப் போகும் சொட்டு நீர்க் குழாயை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டார்கள். சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடியும் விட்டார்கள். மேற்குப் பக்கத்துத் துணியை ஒற்றை முடிச்சில் கட்டியிருந்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு அது பிய்த்துக்கொண்டு படபடவென்று அடித்தது. போன் போட்டால் எடுக்க ஆளில்லை. இலை நறுக்கிக்கொண்டிருந்த சமையல் பையன்கள் நான்கு பேர் வண்டிக் கயிற்றை எடுத்துக்கொண்டு ஏறிக் கட்டினார்கள். அது அவர்கள் வேலையே இல்லை.

இன்னொன்று. தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும் என்று மாஸ்டர் பிடிவாதமாகச் சொன்னார். "எச்செலையோட மூடியும் கவரும் கலந்து மாட்டு வயித்துக்குப் போனா யாருங்க எடுக்கறது?" கூடுதலாக இரண்டு பேரை நிறுத்தி டம்ளர் கழுவ வைத்தார். எங்கள் கட்டுத்தரையில் காங்கேயம் மாடு மூன்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

போகும்போது அடுப்புச் சாம்பலை அள்ளி எருக்குழியில் போட்டு, களத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். மீந்த மளிகையைத் தராசில் நிறுத்து ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். துவரம் பருப்பு 4 கிலோ, சர்க்கரை 6 கிலோ, பிரிக்காத எண்ணெய் டின் ஒன்று. டின்னைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், பில்லைத் தொலைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.