குதிரை அடைப்புக்கு ரப்பர் தளம் வாங்குகிறீர்களா? இதைப் படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்

குதிரைகளை அவிழ்த்துவிடும் அடைப்பில் வாசல் பக்கமும் தீனித்தொட்டியைச் சுற்றியும் மழைக்காலத்தில் சேறுதான். அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் ரப்பர் தளம் போட ஒரு விற்பனையாளரிடம் ஆர்டர் கொடுத்தேன். பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் காட்டிய மாதிரித் துண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மடக்கினாலும் விரிசல் விடவில்லை, தேய்த்தாலும் கையில் கறுப்பு ஒட்டவில்லை. சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சில் வார்த்த, வல்கனைஸ் செய்த ரப்பர் அது. வந்து இறங்கியதோ, பழைய டயரை அரைத்து அந்தத் துகளைப் பசையால் ஒட்டிய தகடு. மேலே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புதான். ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடினால் பொலபொலவென்று உதிர்ந்தது. பில்லில் 18 மில்லிமீட்டர். அளந்தால் நடுவில் சரியாக இருக்கிறது, ஓரத்தில் 14தான்.

துகள் தகடு என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. பசையும் அழுத்தமும் நன்றாக இருந்தால் நடைபாதைக்கு அது போதும், தண்ணீரும் வடியும். லாடம் அடித்த குதிரை நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பும் வாசலுக்கு நான் கேட்டது அது இல்லை.

என்னை அதிகம் பயமுறுத்தியது கம்பி. டயருக்குள் எஃகு இழைகள் உண்டு. அரைக்கும்போது காந்தம் வைத்துச் சரியாகப் பிரிக்காவிட்டால் துகளோடு அவையும் வந்துவிடும். ஒரு தகட்டின் அடியில் தலைமுடி பருமனில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உதிர்ந்த தூளில் காந்தத்தைக் காட்டினேன், இன்னும் சில ஒட்டிக்கொண்டு வந்தன. கீழே சிந்திய வைக்கோலைக் குதிரை உதட்டால் துழாவித் தின்னும் இடம் அது. குளம்பின் நடுவில் இருக்கும் மெத்தென்ற பகுதியில் ஏறினாலும் ஆபத்துதான்.

அப்புறம் அடித்தளம். "மண்ணு மேலயே நேரா போட்டுக்கலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அவருடைய ஆட்களே போட்டுவிட்டுப் போனார்கள். சேற்று மண்ணை வழித்துவிட்டு, மண்ணும் சரளையும் கலக்காமல் தடுத்து, தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, சரளை கொட்டி, லேசான சாய்வோடு இறுக்கிய பிறகுதான் ரப்பர் வரவேண்டும். இல்லாவிட்டால் குதிரையின் கனத்தில் மண் பிதுங்கிவிடும். இங்கே முதல் மழையிலேயே தகடுகள் பள்ளத்தில் இறங்கி, ஓரங்கள் தூக்கிக்கொண்டன. குதிரை தடுக்கி விழ அது ஒன்று போதாதா? மூத்திரம் அடியில் தேங்கி, தூக்கிப் பார்த்தபோது அம்மோனியா நெடி கண்ணைக் கரித்தது. வெயிலில் ரப்பர் விரியும் என்பதற்கு இடைவெளியும் விடவில்லை. மதியத்தில் நடுவில் உப்பிக்கொண்டு நின்றது.

புகார் சொன்னதும் உத்தரவாதத் தாளை நீட்டினார். சரியான அடித்தளம் இல்லாமல் போட்டால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. போட்டது யார் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

வாங்குகிறவர்கள் மாதிரித் துண்டில் அவரிடம் கையெழுத்து வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வல்கனைஸ் செய்ததா, துகளா, ஓரத்தில் எத்தனை மில்லிமீட்டர், அடித்தளம் யார் பொறுப்பு என்பதெல்லாம் பில்லிலேயே வரட்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே ஒரு தகட்டின் மூலையை வெட்டி, மாதிரியோடு ஒப்பிட்டு, காந்தம் வைத்துப் பாருங்கள். வெட்டக்கூடாது என்றால் இறக்கவே விடாதீர்கள்.

என் தகடுகளைப் பெயர்த்து வேலியோரம் அடுக்கியாகிவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள லாரி வாடகையை நான்தான் தர வேண்டுமாம்.