யுனிவர்சலுக்கு ஒரு நாள், அறை எந்தப் பக்கம்? லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங், செந்தோசா: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் செந்தோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் டிக்கெட் போட்ட கையோடு கேட்பது இதைத்தான்: "செந்தோசாவிலேயே ரூம் எடுத்துடலாமா, இல்ல லிட்டில் இந்தியாவுல சீப்பா பார்க்கலாமா?" கையைக் கடிக்காமல் போய்வர வேண்டும் என்றால் என் ஓட்டு லிட்டில் இந்தியாவுக்கு. ஆனால் அங்கே இருக்கும் எல்லா ஓட்டலுக்கும் அந்த ஓட்டு கிடையாது. செந்தோசாவில் ஒரு ராத்திரி தங்குவது சரியாக வரும் நேரமும் உண்டு.

முதலில் பூங்காவின் அளவைப் பார்த்துவிடுவோம். 2010இல் திறந்த பூங்கா இது. 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் சேர்ந்த பிறகும் மொத்தம் ஏழு பகுதிகள்தான். காலையில் கேட் திறக்கும்போதே உள்ளே போய்விட்டால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். ஃப்ளோரிடா டிஸ்னி கதை வேறு. அங்கே நான்கு பூங்காக்கள். ஆல்-ஸ்டார் போன்ற டிஸ்னியின் விலை குறைந்த ஓட்டலில் தங்கினாலும், தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள். நாலைந்து நாள் பூங்காவிலேயே கழிக்கிறவருக்கு அது கொடுத்த காசுக்குத் தகும். சிங்கப்பூரில் யுனிவர்சலுக்கு ஒரு நாள் போனால், மிச்ச நாள் எல்லாம் விலங்குத் தோட்டம், கார்டன்ஸ் பை த பே, முஸ்தபா கடை என்று ஊருக்குள்தான் சுற்றப் போகிறோம். அந்த ஒரு நாளுக்காக எல்லா ராத்திரிக்கும் தீவு வாடகை கொடுப்பது எனக்கு ஒத்துவராத கணக்கு.

ஓட்டல் தேடும்போது மேப்பில் கிலோமீட்டரைப் பார்ப்பதை விட எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) வரைபடத்தில் ஊதா நிறக் கோட்டைப் பாருங்கள். வடகிழக்குத் தடம். அதன் தெற்கு முனை ஹார்பர்ஃபிரண்ட். செந்தோசாவுக்கு வாசல் அதுதான். அங்கிருந்து வடக்கே அவுட்ரம் பார்க், சைனாடவுன், கிளார்க் கீ, தோபி காட், லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் என்று வரிசையாக வரும். லிட்டில் இந்தியாவில் ஏறினால் எங்கும் மாற வேண்டாம், ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம். (நிலைய எண்களில் என்இ1க்கு அடுத்து என்இ3 வரும். நடுவில் ஒன்று விட்டுப்போச்சே என்று பதற வேண்டாம், என்இ2 என்று ஒரு நிலையமே இல்லை.)

ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்துக்கு மேலேயே விவோசிட்டி மால். அதன் மூன்றாம் தளத்தில் தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் ஏற வேண்டும். உள்ளே போக ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வரக் கட்டணம் இல்லை. மாலுக்கு வெளியே கடலை ஒட்டி தீவுக்குப் போகும் போர்டுவாக் நடைபாதை இருக்கிறது. கூரை உண்டு, நடந்து போகக் காசு கிடையாது. நாலு பேர் குடும்பத்துக்குக் காலையில் 16 வெள்ளி மிச்சம். சாயங்காலம் கால் கெஞ்சும்போது ரயில் எப்படியும் இலவசம்தானே. அதனால் போகும்போது நடை, வரும்போது ரயில் என்பது நல்ல ஏற்பாடு.

இனி லிட்டில் இந்தியா. சாப்பாடுதான் இதன் பெரிய பலம். காலை ஏழரைக்கு இட்லி, பொங்கல் சாப்பிட்டுவிட்டு ரயிலேறலாம். சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ், தேக்கா உணவுக் கடைகள், ரேஸ் கோர்ஸ் ரோட்டு வாழையிலைச் சாப்பாடு எல்லாம் நடந்து போகிற தூரம்தான். பெரியவர்களையும் சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களையும் கூட்டிப்போகிறவர்களுக்கு இது பாதி நிம்மதி. பூங்காவுக்குள் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்தால் இந்த நிம்மதியின் விலை புரியும்.

பலவீனம் அறைகள். தெருவைப் பார்த்த பழைய கடைவீடுகளை ஓட்டலாக மாற்றியவை நிறைய. ஒரு பெட்டியைத் தரையில் விரித்தால் குளியலறைக் கதவு திறக்காது. இரண்டாவது பெட்டி கட்டில் மேல்தான். ஷவர் கழிப்பறைக்கு நேர் மேலே இருக்கும், குளித்து முடித்தால் டிஷ்யூ ரோல் வரைக்கும் ஈரம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஜன்னல் இல்லாத அறையைத்தான் நான் வேண்டாம் என்பேன். குறைந்த விலைக்குக் காட்டும் அறைகளில் பல அப்படிப்பட்டவை. விளம்பரப் படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர். நள்ளிரவா காலை எட்டா என்று உடம்புக்குத் தெரியாது, குழந்தைகள் எழுந்திருக்கவே மாட்டார்கள். முன்பதிவுப் பக்கத்தில் அறை விவரத்தை விரித்து, ஜன்னல் உண்டு என்று எழுதியிருக்கிறதா பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். குழந்தைகளையும் ஆள் கணக்கில் காட்டிவிடுங்கள். இரண்டு பேருக்கான அறையில் நாலு பேரை அடைக்கும் நம்மூர்ச் சமாளிப்பு அங்கே கவுண்டரிலேயே நின்றுவிடும்.

ஞாயிறு சாயங்காலம் இந்தப் பகுதி வேறு முகம் காட்டும். வாரம் முழுக்க உழைத்த நம் தொழிலாளர்கள் நண்பர்களைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப, சாமான் வாங்க எல்லாரும் இங்கேதான் கூடுவார்கள். தெரு நிரம்பி வழியும், டாக்ஸி கிடைப்பது கஷ்டம். முஸ்தபா பக்கம் ஓட்டல் என்றால் அன்றைக்கு ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுவது மேல்.

சைனாடவுன், ரயில் கணக்கில் இன்னும் கிட்டம். ஹார்பர்ஃபிரண்டுக்கு இரண்டே நிறுத்தம். பாட் ஓட்டல் எனப்படும் பெட்டிப் படுக்கைகள் இங்கே நிறைய. தனியாக வரும் இளைஞர்களுக்கும் நண்பர்கள் கூட்டத்துக்கும் நான் கைகாட்டுவது இதைத்தான். 1827இல் அமைந்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருப்பது கூடுதல். ஆனால் கடைவீட்டு ஓட்டல்களில் லிஃப்ட் இல்லாத செங்குத்துப் படிக்கட்டும் சகஜம். மாமியாரை அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

கேலாங் பக்கம் விலை இன்னும் இறங்கும். காரணமும் உண்டு: அங்குள்ள சில சந்துகள் சிவப்பு விளக்குப் பகுதி. பாதுகாப்புக்குக் குறைவில்லை, சாப்பாட்டுக்கும் பேர்போன இடம்தான். ஆனால் பத்து வயசுப் பையன் ராத்திரி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். அதை விட ரயில்தான் எனக்கு உறுத்தல். அல்ஜூனிட்டில் பச்சைத் தடம் ஏறி, அவுட்ரம் பார்க்கில் நீளமாக நடந்து ஊதாவுக்கு மாற வேண்டும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நடை நடந்தால், வாடகையில் மிச்சம் பிடித்தது பெரிதாகத் தெரியாது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கி வந்து போகலாம் என்று சிலர் சொல்வார்கள். அறை பெரிசு, வாடகை குறைவு, இரண்டும் உண்மை. ஆனால் போக வர இரண்டு நாட்டுக் குடிநுழைவு வரிசையும், பாலத்து நெரிசலும் காலை நேரத்தை விழுங்கிவிடும். விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் அந்த எண்ணமே வேண்டாம்.

செந்தோசாவுக்கு வருவோம். பூங்காவோடு அட்வெஞ்சர் கோவ் நீர்ப் பூங்காவையும் சேர்த்து அடுத்தடுத்த நாள் வைத்தால், நடுவில் ஒரே ஒரு ராத்திரி இங்கே தங்குவது நல்ல யோசனை. ஈரத் துணியோடு எம்ஆர்டியில் உட்கார வேண்டாம். மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரம் குழந்தையை அறையில் தூங்கவைத்துவிட்டு மறுபடி போகலாம். மூன்று வயசுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் இது ஒன்றே போதும் காசு செலவழிக்க. பூங்கா இருக்கும் ரிசார்ட்ஸ் வேர்ல்டு வளாகத்து ஓட்டல்களை விட, அடுத்த நிறுத்தமான இம்பியா பக்கம் 2019இல் வந்த வில்லேஜ் ஓட்டல் போன்றவற்றை முதலில் பாருங்கள். தீவுக்குள் பேருந்தும் ரயிலும் இலவசம் என்பதால் ஒரு நிறுத்தம் தள்ளியிருப்பது பொருட்டே இல்லை.

எந்தப் பக்கம் எடுத்தாலும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த மொத்தத்தின் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. 100 வெள்ளி அறை 119 வெள்ளி 90 காசில் போய் நிற்கும். சின்ன ஓட்டல்கள் சில வரியைச் சேர்த்தே விலை காட்டும், வேறு சில காட்டாது. கடைசிப் பக்கத்துத் தொகையை வைத்து ஒப்பிட்டால்தான் எது மலிவு என்று தெரியும்.