‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’ டீலக்ஸ் பதிப்பு: மூன்று தட்டுகளும் ஒரு பெரம்பூர் வாதமும்

லெட் செப்பெலின் குழுவின் ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’ 1975 பிப்ரவரியில் இரட்டை இசைத்தட்டாக முதன்முதலில் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2015-ல், குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் மேற்பார்வையில் ஒலி சீரமைக்கப்பட்டு அது மறுபடியும் வந்தது. அந்த வெளியீட்டில் கூடுதலாக ஒரு தட்டைச் சேர்த்து, மூன்று எல்பிகளாக விற்கப்படும் டீலக்ஸ் தொகுப்பைத்தான் சென்ற மாதம் வாங்கினேன். என்னிடம் பழைய சிடி ஏற்கெனவே இருந்தும் இவ்வளவு செலவு செய்ததற்குக் காரணம், பெரம்பூரில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நெடுநாளாக நடந்துவரும் ஒரு வாதம். ஹார்ட் ராக் குழு என்று எல்லோரும் எண்ணும் இவர்களுடைய பாடல்களில், ப்ராக்ரெசிவ், அதாவது ஒரே நடையில் நில்லாமல் பல பகுதிகளாக வளர்ந்து செல்லும் ராக், என்று முழு மனதோடு சொல்லத் தக்கது எது?

வாதத்தில் என்னைத் தவிர இருவர் உண்டு. ஒருவர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன். ரயில்வே குடியிருப்பில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தின் ரெக்கார்டு பிளேயரில் சிறுவயதிலேயே இந்த இசையைக் கேட்டு வளர்ந்தவர். மற்றவர் எதிர்வீட்டு மிருதங்க ஆசிரியர். ராக் இசையை எங்கள் வீட்டில் மட்டுமே கேட்பவர் என்றாலும், தாளக் கணக்கு என்று வந்துவிட்டால் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்திவிடுவார்.

பொருளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டையில் இருப்பது நியூயார்க்கின் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் உள்ள 96, 98 எண்ணுள்ள குடியிருப்புக் கட்டடங்களின் முகப்பு. சதுரமான அட்டைக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக ஐந்து மாடியில் ஒன்றை எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஜன்னல்கள் உண்மையாகவே வெட்டி எடுக்கப்பட்டிருப்பதால், உள்ளுறையை மாற்றிச் செருகும்போதெல்லாம் ஜன்னலுக்குப் பின்னால் வேறு வேறு முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. சிடியின் சின்ன உறையில் இந்த இன்பம் கிடைக்காது. எனக்கு வந்த பிரதியில் மேல் வலது மூலை மடங்கி, ஒரு ஜன்னலின் விளிம்பு கிழிந்திருந்தது. அனுப்பியவர்கள் தட்டை மட்டும் பத்திரமாகச் சுற்றிவிட்டு அட்டையைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். இந்த அட்டை சாதாரண அட்டையைவிடப் பலவீனமானது என்பதால், வாங்குகிறவர்கள் விற்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தட்டுகள் ஒவ்வொன்றும் 180 கிராம் எடை கொண்டவை. வளைவு இல்லை, சலசலப்பும் மிகக் குறைவு. எங்கள் வீடு ரயில் பாதைக்கு அருகில் இருப்பதால் டர்ன்டேபிளைக் கனமான கடப்பா கல்லின் மேல்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் சரக்கு வண்டி போகும்போது ஊசி லேசாக அதிரும். அந்த நேரத்தில் மெல்லிய பகுதிகளைக் கேட்பதில்லை என்பது வீட்டில் எழுதாத சட்டம்.

இனி வாதத்துக்கு வருகிறேன். நீளம்தான் அளவுகோல் என்றால் முதல் பக்கத்தின் கடைசிப் பாடலான ‘இன் மை டைம் ஆஃப் டையிங்’ வென்றிருக்க வேண்டும். 11 நிமிடம் ஓடும் அதைவிட நீளமான பாடல் அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பம் எதிலும் கிடையாது. ஆனால் அது ஒரு பழைய பக்திப் பாடலை எடுத்துக்கொண்டு, நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து வெறியோடு வாசித்த வாசிப்பு. அதன் வலிமை வேறு வகையானது. இதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சண்டை ‘காஷ்மீர்’ பாடலில்தான் தொடங்குகிறது. டிரம்ஸில் ஜான் பான்ஹம் நான்கு நான்காக அடித்துக்கொண்டு போக, கிட்டாரும் பிற வாத்தியங்களும் மூன்று மூன்றாக ஏறுகின்றன. பன்னிரண்டாவது எண்ணிக்கை முடிந்ததும் இரண்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. மிருதங்க ஆசிரியர் முதன்முறை கேட்டபோதே ஒரு கையால் தாளம் போட்டுக்கொண்டு, மறு கையின் விரல்களால் தொடையில் திஸ்ரத்தை, அதாவது மும்மூன்றாகப் போகும் நடையைத் தட்டிக் காட்டினார். “இதுல அதிசயம் ஒண்ணுமில்ல தம்பி, ஆனா எங்கேயும் விட்டுக்கொடுக்காம நிக்கிறான் பாரு, அதுதான் பெரிசு” என்றார். பேஜ் கிட்டாரைச் சுருதி கூட்டியிருக்கும் முறையும் நமக்கு அந்நியமானது அல்ல. ஆறு தந்திகளும் டி, ஏ, டி, ஜி, ஏ, டி. அதாவது டி-யை ஷட்ஜமாகக் கொண்டால் ஸ ப ஸ ம ப ஸ. தம்பூராவை மடியில் வைத்துப் பழகிய காதுக்கு இந்தப் பாடல் ஏன் உடனே பிடிபடுகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. பெயர் காஷ்மீர் என்றாலும், பாடகர் ராபர்ட் பிளாண்ட் இதன் வரிகளுக்கான கருவை எடுத்தது தெற்கு மொராக்கோவின் பாலைவனச் சாலையில் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அந்த முடிவில்லாத நேர்ச்சாலையின் நடை பாடலில் இருக்கிறது. ஆசிரியரின் வாக்கு இந்தப் பாடலுக்குத்தான்.

என் வாக்கு இதற்கு இல்லை. காஷ்மீர் எவ்வளவு மகத்தானதாக இருந்தாலும், நடுவில் இசை வேறு பக்கம் திரும்பி வந்தாலும், அந்த அடிப்படை நடையின் மேலேயே நிற்கிறது. நின்ற இடத்தில் மலைபோல் நிற்பதுதான் அதன் பெருமை. ப்ராக்ரெசிவ் என்று நான் சொல்வது, தொடங்கிய இடத்தை விட்டு வேறோர் ஊரில் போய் இறங்கும் பாடலை. அப்படிப்பட்டது மூன்றாவது பக்கத்தின் முதல் பாடலான ‘இன் த லைட்’.

ஜான் பால் ஜோன்ஸின் சிந்தசைசரும், வயலின் வில்லால் பேஜ் இழைக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரும் சேர்ந்து எழுப்பும் ஒரு நீண்ட ரீங்காரத்தில் பாடல் தொடங்குகிறது. அதில் தாளம் கிடையாது. இருட்டில் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதுபோல் சுரங்கள் மெல்ல மெல்ல வெளிவருகின்றன. ஆலாபனைக்குப் பழகிய எனக்கு அந்தப் பொறுமையே முதல் ஆச்சரியம். பிறகு பிளாண்டின் குரல், அதன் பின் கனத்த கிட்டார் இறக்கம், நடுவில் வெளிச்சம் பாய்வதுபோல் ஒரு கீபோர்டு பகுதி, மறுபடியும் ஒருமுறை அதே ரீங்காரம். இத்தோடு திரும்பிவிடுவார்கள் என்று நினைக்கும் நேரத்தில், கிட்டார்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் படியேறத் தொடங்குகின்றன. தொடக்கத்தில் இருந்த இருட்டின் சாயலே அந்த முடிவில் இல்லை. சிந்தசைசர் ஒலியை ஸ்டுடியோவுக்கு வெளியே அப்படியே கொண்டுவர முடியாததால் இதை அவர்கள் மேடையில் வாசித்ததே இல்லை. மேடைக்கு அடங்காத ஒன்றை ஸ்டுடியோவில் கட்டியெழுப்பியதும் என் கட்சிக்கு ஒரு சான்று.

டீலக்ஸ் தொகுப்பின் கூடுதல் தட்டு இந்த இடத்தில்தான் தன் விலைக்கு ஓரளவு நியாயம் சொல்கிறது. அதிலுள்ள 7 பாடல்களில் பெரும்பாலானவை நாம் அறிந்த பாடல்களின் முந்தைய ஒலிக்கலவைகள்; ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் ‘எவ்ரிபடி மேக்ஸ் இட் த்ரூ’ என்ற தலைப்பில் இருப்பது ‘இன் த லைட்’ பாடலின் ஆரம்ப வடிவம்; வரிகளே வேறு. அதையும் இறுதி வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரு பாடல் தனக்கான வழியைத் தேடி அலைவதைக் கண்ணால் பார்ப்பதுபோல் இருக்கிறது. அதே தட்டின் கடைசியில் உள்ள ‘டிரைவிங் த்ரூ காஷ்மீர்’ ஏறத்தாழ நாம் அறிந்த காஷ்மீர்தான். ஒன்று முழுதாகப் பிறந்து வந்தது. மற்றொன்று தேடித் தேடி அடைந்தது.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்பியில் வைத்து இந்த இரண்டு பாடல்களையும் ஒப்பிடுவது காஷ்மீருக்கு அநீதி. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றைவிடச் சற்றே கூடுதலாகச் சுழலும் தட்டின் வெளிவிளிம்பில், ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. ஓடுகிறது; நடுவிலுள்ள லேபிளை நெருங்கும்போது அந்த வேகம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதே ஒலியை நெருக்கிப் பொதிய வேண்டியிருப்பதால் உச்சஸ்தாயி ஒலிகள் அங்கே சற்றுக் கரகரக்கும். காஷ்மீர் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடல். ‘இன் த லைட்’ மூன்றாம் பக்கத்தின் முதல் பாடல். என் சாதாரண ஊசியில் காஷ்மீரின் பித்தளை வாத்தியங்கள் உச்சியில் கொஞ்சம் மங்குவது தெளிவாகவே கேட்கிறது. ஆகவே ஆசிரியருக்காக அந்தப் பாடலைச் சிடியிலும் போட்டுக் காட்டினோம். அவர் வாக்கு மாறவில்லை. என் வாக்கும் மாறவில்லை.

லோகோ அண்ணன் இந்த ஆல்பத்துக்குள் அடங்கவே மறுக்கிறார். 1976-ல் வந்த ‘பிரசென்ஸ்’ ஆல்பத்தின் ‘அக்கிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’, பத்து நிமிடத்துக்கு மேல் மூச்சு வாங்காமல் ஓடுவதைச் சொல்லி, அதன் கிட்டார் அடுக்குகளுக்கு முன் மற்றதெல்லாம் பயிற்சி என்கிறார். அவருக்கு நான் சொல்லும் பதில் ‘டென் இயர்ஸ் கான்’. இதே மூன்றாம் பக்கத்தின் கடைசியில், கிட்டார்களை அடுக்கடுக்காய்ப் பதிந்து அதே வேலையை மென்மையாகச் செய்து காட்டியிருக்கிறார் பேஜ். 1979-ன் ‘கரூசலாம்ப்ரா’ பாடலை நாங்கள் மூவருமே மதிக்கிறோம், யாரும் அதற்காக வாதாடுவதில்லை.

சீரமைப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு பலன் தரவில்லை. ‘கஸ்டர்ட் பை’ இன்னும் நெரிசலாகத்தான் ஒலிக்கிறது. இந்த ஆல்பத்தின் 15 பாடல்களில் 8 மட்டுமே 1974-ல் இதற்கெனப் பதிவானவை, மற்ற 7 முந்தைய ஆல்பங்களில் இடம் கிடைக்காமல் நின்றவை என்பதால், நான்காம் பக்கத்தில் ஒலியின் தன்மை பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. பான்ஹமின் பெரிய டிரம் மட்டும், பழைய சிடியில் தட்டையாகக் கேட்டது, இப்போது அறையின் காற்றோடு சேர்ந்து கேட்கிறது.

ஆல்பத்தை இன்னும் கேட்காதவர்களுக்கு இரண்டு தட்டுப் பதிப்பே போதும், விலையும் குறைவு. ‘இன் த லைட்’ எப்படி உருவானது என்று அறிய ஆசைப்படுபவர்கள் மட்டும் மூன்று தட்டுகளை வாங்கலாம். போன ஞாயிறு மூன்றாம் பக்கத்தைப் போட்டபோது, தாளம் போடுவதற்காக மிருதங்க ஆசிரியர் வழக்கம்போல் கையை உயர்த்தினார். ரீங்காரம் நீண்டுகொண்டே போனது. உயர்த்திய கையை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டு, டிரம்ஸ் நுழையும்வரை அவர் கண்ணை மூடியே இருந்தார்.