மோட்டார்ஹோமில் நாய்க்கு எந்த இடம்? இருக்கை, கூண்டு, கராஜ், கட்டில்: ஓர் ஒப்பீடு

படுக்கையும் சமையல் மேடையும் உள்ள பயண வண்டியான மோட்டார்ஹோமை வாங்கப் பார்க்கப் போகிறவர்கள் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்கிறார்கள். நாய் எங்கே உட்காரும், எங்கே படுக்கும் என்ற கேள்வி பெரும்பாலும் முதல் பயணத்தின் ராத்திரியில்தான் வருகிறது. அதற்குள் வண்டியை வாங்கியாகிவிட்டது. அமைப்பை எளிதில் மாற்ற முடியாது.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டி ஓடும்போது நாய் இருக்கும் இடமும் இரவில் அது தூங்கும் இடமும் ஒன்றாகவே இருந்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. தினமும் வேறு ஊர், வேறு சத்தம், வேறு வாசனை. இவற்றுக்கு நடுவே மாறாத ஒரே மூலை அதுதான் என்று நாய்க்குப் புரிந்துவிட்டால் இரவில் எழுந்து உலவுவதும், வெளியே இலை அசைந்தால் குரைப்பதும் குறையும். கீழே உள்ள இடங்களை எல்லாம் இந்த ஒரு கண்ணோடுதான் பார்த்திருக்கிறோம்.

ஓடும் வண்டியில்: ஹார்னஸ்

நாயைக் கட்டாமல் ஓட்டுவதை ஒரு தேர்வாகவே நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 20 கிலோ நாயை 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்த அதன் எடையைப்போல் ஏறத்தாழ 33 மடங்கு விசை வேண்டும். 650 கிலோவுக்கு மேல். நடைவழியில் படுத்திருக்கும் நாய் முன்னால் இருக்கும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இந்த விசையோடுதான் வந்து மோதும்.

செலவும் வேலையும் குறைந்த வழி ஹார்னஸ், அதாவது நாயின் மார்பைச் சுற்றிப் போட்டு இருக்கை பெல்ட்டோடு இணைக்கும் பட்டை. மேசையை ஒட்டிய இருக்கையில் பெல்ட் இருந்தால் போதும், வண்டியில் ஓர் ஓட்டையும் போட வேண்டியதில்லை. ஆனால் நடைப்பயிற்சிக்குப் போடும் ஹார்னஸ் இதற்கு ஆகாது. அதில் இருப்பது பிளாஸ்டிக் கொக்கி, மோதும்போது உடைந்துவிடும். மார்பில் அகலமான பட்டை, உலோகக் கொக்கி, மோதல் சோதனையில் தேறியதற்கான சான்று, இவை மூன்றும் வேண்டும். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் மாட்டக்கூடாது, கழுத்தெலும்பு போய்விடும்.

எல்லாரும் தவறுவது இணைப்புப் பட்டையின் நீளத்தில். நாய் உட்காரலாம், படுக்கலாம், ஆனால் இருக்கையின் விளிம்பைத் தாண்டி முன்னங்கால் வைக்க முடியாது என்ற அளவே சரி. கூடுதலாக விட்ட ஒவ்வொரு சென்டிமீட்டரும் மோதலின்போது நாய் பறக்கும் தூரம். இழுபடும் ரப்பர் பட்டை வசதியாகத் தெரியும், மோதலில் அது பிடித்து நிறுத்தாது. இன்னொன்று: நாய் புரண்டு படுக்கும்போது பெல்ட் பூட்டின் சிவப்புப் பொத்தானைப் பாதத்தாலேயே அழுத்திவிடும். பொத்தானை மூடும் உறை போடுங்கள், அல்லது பெல்ட் துணியிலேயே கோத்து மாட்டும் வகையை வாங்குங்கள்.

ஹார்னஸின் எல்லை நாயின் உருவம். மேசை இருக்கையின் ஆழம் பொதுவாக 45 முதல் 50 சென்டிமீட்டர். 10 கிலோ நாய் அதில் சுருண்டு தூங்கிக்கொண்டே வரும். 30 கிலோ நாய் நான்கு மணி நேரம் பாதி உடம்பு தொங்க உட்கார்ந்திருக்கும். பக்கவாட்டில் பார்க்கும் சோபா இருக்கை வேண்டாம்; பெரும்பாலான வண்டிகளில் அது பயண இருக்கையே அல்ல. ஏர்பேக் உள்ள முன் இருக்கையும் வேண்டாம். நான்கு பெல்ட் உள்ள வண்டியில் நான்கு பேர் போனால் நாய்க்கு இடமே இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். இரவு வந்தால் அதே மேசை இருக்கை மடிந்து கட்டிலாகலாம். அப்போது நாயின் இடமும் கலைந்துவிடும்.

கூண்டு

எங்கள் ஓட்டு இதற்குத்தான். நாயின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து 10 சென்டிமீட்டர் கூட்டினால் கூண்டின் நீளம். நின்றபடி தலை உச்சி வரை அளந்து 5 சென்டிமீட்டர் கூட்டினால் உயரம். இதைவிடப் பெரிதாக வாங்குவது அன்பு போலத் தோன்றும். ஆனால் வளைவுகளில் நாய் உள்ளே உருண்டு இடித்துக்கொள்ளும்; நான்கு பக்கமும் சாய இடம் இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்கும்.

மடக்கும் கம்பிக் கூண்டு விலை குறைவு, காற்றோட்டம் நன்று. ஆனால் ஓடும்போது கடகடவென்று அடிக்கும், மோதினால் மடங்கும், கம்பி முனை உள்ளே வளையும். துணிக் கூண்டு தூங்க மட்டுமே. அலுமினியக் கூண்டு கனம், விலையும் அதிகம். பயணத்துக்கு அதுவே நம்பகம். பின்பக்கமும் ஒரு கதவு உள்ளதாகப் பார்த்து எடுங்கள். மோதி முன்கதவு நசுங்கினால் நாயை வெளியே எடுக்க வேறு வழி வேண்டும்.

கூண்டு எவ்வளவு பலமானாலும் தரையோடு பிணைக்காவிட்டால் அதுவே பறக்கும் பெட்டி. இங்கேதான் வேலை கெடும். மோட்டார்ஹோமின் தரை முழுப் பலகை அல்ல. இரண்டு மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவே நுரை. மர ஸ்க்ரூ போட்டால் கையாலேயே பிடுங்கிவிடலாம். போல்ட் போட்டு இறுக்கினாலும், கீழே வெறும் வாஷர் இருந்தால் நுரை நசுங்கி வாஷர் தரைக்குள்ளேயே புதைந்துவிடும். எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட், அடியில் உள்ளங்கை அகலத்துக்காவது எஃகுத் தகடு, ஓட்டையைச் சுற்றி ஈரம் புகாத சீலண்ட். துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த இடத்துக்கு நேர்கீழே தண்ணீர்த் தொட்டியோ கேஸ் குழாயோ ஒயரோ இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முடிந்தால் இருக்கைச் சட்டம் பொருத்தப்பட்ட எஃகு அமைப்போடு பிணைப்பது இன்னும் நல்லது.

மேசைக்கு அடியிலோ, ஓர் இருக்கைப் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்திலோ கூண்டை வைத்தால் நாய் முன், பின் சக்கரங்களின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இருக்கும். ஆட்டம் மிகக் குறைவான இடம் அது. வாந்தி எடுக்கும் நாய்க்கு இந்த ஒரு மாற்றமே பலன் தரக்கூடும். இரவில் கதவை மட்டும் திறந்து வைத்தால் அதே கூண்டு படுக்கை.

கராஜ்

பின் கட்டிலுக்கு அடியில் வரும் பெரிய சாமான் அறை. இரண்டு பெரிய நாய்களுக்கு இடம் தாராளம், சுத்தம் செய்வது எளிது, வெளிக்கதவு வழியாக நேரே இறக்கலாம். குறையும் பெரிது. பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் பகுதி என்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். எடைக் கணக்கும் ஏமாற்றும்: இரண்டு 30 கிலோ நாய்களும் 25 கிலோ கூண்டும் சேர்ந்து 85 கிலோ. அச்சு இடைவெளி 4 மீட்டர், கூண்டு பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் என்றால் பின் அச்சில் ஏறுவது 85 அல்ல, 117 கிலோ. மிச்ச 32 கிலோ முன்சக்கரத்திலிருந்து தூக்கப்பட்டது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஈரப் புல்லில் அது தெரியும்.

மூடிய கராஜில் நாயை வைக்கவே கூடாது. கட்டிலின் முகப்புப் பலகையில் வாசல் வெட்டி, வீட்டுப் பகுதியோடு திறந்த இணைப்பு கொடுத்தால் மட்டுமே இது தேர்வுக்கு வரும். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு காற்றுத் திறப்புகள் வேண்டும். பெட்ரோல் கேன், ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர் எதுவும் அதே அறையில் இருக்கக்கூடாது. இதெல்லாம் சரியாக அமைந்துவிட்டால், நாய் உங்கள் தலைக்குக் கீழேயே மூச்சுவிட்டுக்கொண்டு தூங்கும். இருட்டும் அமைதியும் உள்ள குகை அது.

இரவில்: கட்டிலா, தரையா?

கட்டிலில் சேர்த்துப் படுக்க வைப்பவர்கள் நிறையப் பேர். சிறிய நாய், உயரம் குறைந்த கட்டில் என்றால் தடையில்லை. கராஜுக்கு மேலே வரும் கட்டிலோ ஒரு மீட்டர் உயரம். அங்கிருந்து இருட்டில் குதிப்பது நீள முதுகுக் குட்டைக்கால் நாய்களின் முதுகெலும்புத் தட்டுக்கு ஆபத்து. ஈரமும் ஒரு பிரச்சினை. இரண்டு மனிதர், ஒரு ஈர நாய், மூடிய ஜன்னல் என்றால் காலையில் மெத்தையின் அடிப்பக்கம் நனைந்திருக்கும்; அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்தே வையுங்கள்.

நடைவழித் தரைதான் பெரும்பாலோர் தேர்வு. கோடையில் அடர்முடி நாய்க்கு அது சுகம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மற்றபடி எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கையில் டார்ச்சோடு ஒரு முறை தரை மட்டத்தில் குனிந்து பாருங்கள். சமையல் மேடைக்குக் கீழே தரையில் சின்னச் சின்னத் துளைகள், மேலே வலை. கேஸ் கசிந்தால் வெளியேற வைத்த வழி அது. சிலிண்டர் கேஸான புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையில்தான் தேங்கும். நாய் மெத்தை சரியாக அந்தத் துளைகளின் மேல் கிடக்கும், அதன் மூக்கும் அதே மட்டத்தில். ஓர் அடி தள்ளி ஹீட்டரின் வெப்பக்காற்று வாய். குளிர்காலத்தில் நாய் அதில் ஒட்டிப் படுக்கும். தோல் காயும், காற்று அடைபட்டால் ஹீட்டரும் சூடேறி நின்றுபோகலாம். வாய்க்கு முன்னால் 30 சென்டிமீட்டர் இடம் விட்டு ஒரு சின்னத் தடுப்பு வைப்பது கட்டாயம். கேஸ் அலாரம் தரைக்கு அருகில், கார்பன் மோனாக்சைடு அலாரம் நீங்கள் படுக்கும் உயரத்தில்.

கூரையிலிருந்து இறங்கும் கட்டில் உள்ள வண்டியில் இன்னும் எச்சரிக்கை தேவை. பொத்தானை அழுத்துவதற்கு முன் நாய் எங்கே என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கூண்டில் தூங்கும் நாய்க்கு இந்தக் கவலையே வராது.

வெயில்

நிழலற்ற இடத்தில் மூடிய காரின் உள்வெப்பம் 10 நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறும், அரை மணியில் 19 டிகிரி. மோட்டார்ஹோமும் மெதுவாக அதே பாதையில்தான் போகும். கூரை மின்விசிறி 3 ஆம்பியர் இழுத்தால் 8 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி. எந்த பேட்டரியும் தாங்கும். ஆனால் வெளிவெப்பத்தைவிடக் கீழே அது இறக்காது. ஏசி இறக்கும், 1,000 வாட் ஏசி 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியை ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் காலி செய்துவிடும். வெளி மின்சாரத்தில் ஓடினாலும் பிரேக்கர் ஒரு முறை விழுந்தால் போதும், ஏசி நின்றுவிடும். ஆகவே ஏசியை நம்பி நாயைத் தனியே விடுவதானால் போனுக்குச் செய்தி அனுப்பும் வெப்ப அலாரமும், பத்து நிமிடத்தில் திரும்பும் தூரமும் வேண்டும். அந்த அலாரத்தின் உணரி நாயின் மூக்கு உயரத்தில், அதே அறையில் இருக்கட்டும். நாய் கராஜில், உணரி சமையல் மேடையில் என்றால் அது காட்டுவது வேறு இடத்தின் வெப்பம்.

எந்த நாய்க்கு எது

10 கிலோவுக்குக் குறைவான ஒரே நாய் என்றால் ஹார்னஸும் தாழ்ந்த கட்டிலும் போதும். கூண்டுக்காக இருக்கையைப் பிரிக்க வேண்டாம். நடுத்தர நாய்க்கு இரு அச்சுகளுக்கு நடுவே கூண்டு. இரண்டு பெரிய நாய்களுக்கு வாசல் வெட்டிய கராஜ், ஆனால் கிளம்பும் முன் எடை மேடையில் அச்சுவாரியாக எடை போட்டுப் பார்த்த பிறகே.

வயதான பெரிய நாய்க்கு எந்த இடமானாலும் ஏறும் வழிதான் முதல் கவலை. தரை 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் 1.8 மீட்டர் சரிவுப் பலகை ஏறக்குறைய 19 டிகிரி சாய்வு தரும்; அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் பல நாய்கள் பாதியில் நின்றுவிடும். வண்டியோடு வரும் கம்பிவலைப் படியில் நகம் மாட்டும், அதன்மேல் ரப்பர் விரிப்பைக் கட்டுங்கள்.

கூண்டுக்குப் பழக்குவதைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் தொடங்குங்கள். முதலில் கதவைக் கழற்றிவிட்டு உள்ளே சோறு வையுங்கள். பிறகு சாப்பிட்டு முடியும்வரை மட்டும் கதவை மூடுங்கள். அதன்பின் கூண்டை வண்டியில் ஏற்றி, எஞ்சினைப் போடாமல் வாசலிலேயே ஓர் இரவு நீங்களும் கூடப் படுங்கள். உள்ளே விரித்த பழைய போர்வையைக் கிளம்பும் நாளன்று துவைக்காதீர்கள்.